வாய்க்கால் கரையோடு இரண்டு நாள்: தென்பெண்ணைச் சைக்கிள் பயணம் எப்படி இருந்தது?

தென்பெண்ணை ஆற்றை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் பாலத்தின் மேலிருந்துதான் பார்க்கிறோம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பேருந்தில் போகையில் காவேரிப்பட்டணம் அருகே சில நொடிகள் கண்ணில் பட்டு மறைகிற அந்த ஆற்றோடு, அது ஓடுகிற திசையிலேயே இரண்டு நாள் உடன் செல்ல வைக்கிற ஒரு சைக்கிள் பயண ஏற்பாட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சேவை அது. நிறைகளோடு குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்படி, பார்த்ததை முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஞாயிறு மாலை அனுமன்தீர்த்தத்தில் முடிகிற பயணம் இது. மொத்தத் தொலைவு எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிள், ஹெல்மெட், உணவு, ஓர் இரவுத் தங்கல், பைகளைச் சுமந்து வரும் சிறிய வேன், கடைசியில் திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 3,600 ரூபாய் வாங்குகிறார்கள். சொந்தச் சைக்கிள் கொண்டு வருபவர்களுக்கு 600 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தை மாதக் கடைசியில் நான் என் அண்ணியோடு போனேன். எனக்கு வயது 51. தர்மபுரியில் அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். அண்ணிக்கு 58, திருமணமான பிறகு அவர் சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஆகவே பழகியவருக்கு எப்படி இருந்தது, பழக்கம் விட்டுப் போனவருக்கு எப்படி இருந்தது என்று இரண்டையும் என்னால் சொல்ல முடியும்.

முதல் அரைமணி நேரம் எங்களை ஓட்டவே விடவில்லை. ஒவ்வொருவரையும் இருக்கையில் உட்கார வைத்து, குதிகாலைப் பெடல் மீது வைத்துக் கீழே அழுத்தச் சொல்லி, முழங்கால் மடங்காமல் நேராக நிற்கும் உயரம் வரும்வரை இருக்கையை ஏற்றியும் இறக்கியும் திருகினார்கள். தரையில் இரண்டு காலும் ஊன்றினால்தான் பாதுகாப்பு என்று நினைத்துத் தாழ்வான இருக்கையிலேயே ஆண்டுக்கணக்கில் மிதித்து முழங்கால் வலியை வாங்கிக்கொண்ட பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருக்கை இரண்டு விரற்கடை உயர்ந்ததும் அதே மிதிக்கு வண்டி கூடுதலாகப் போவது அங்கேயே தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே என் சொந்த வண்டியின் இருக்கையையும் அதே முறையில் உயர்த்திக்கொண்டேன்.

வண்டிகள் எல்லாம் ஹைபிரிட் வகை. ரேஸ் சைக்கிளைப் போலக் குனிய வேண்டியதில்லை. மலைப்பாதைச் சைக்கிளைப் போலக் கனமான கட்டை டயரும் இல்லை. 700 சி எனப்படும் சக்கரம், 38 மில்லிமீட்டர் அகல டயர், முன்னால் மூன்றும் பின்னால் ஏழுமாகப் பற்சக்கரங்கள். அந்த அகலம் சரியான தேர்வு. நகரத்தில் விற்கும் வண்டிகள் சிலவற்றில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் இருக்கும். தார்ச்சாலையில் அது விரைவாக உருளும், ஆனால் வாய்க்கால் கரையின் புழுதியில் பதிந்துவிடும். இவர்கள் டயரின் காற்றழுத்தத்தையும் 45 பிஎஸ்ஐ என்ற சற்றுக் குறைந்த அளவிலேயே நிறுத்தியிருந்தார்கள். கட்டிமண் பாதையில் கைக்கு அதிர்வு வராமல் போனதற்கு அதுவே காரணம். குறை என்று பார்த்தால், குறுக்குக் குழாய் தாழ்ந்த பெண்கள் வண்டி மொத்தம் இரண்டுதான் இருந்தது. எங்கள் குழுவில் பெண்கள் நான்கு பேர். அண்ணிக்கு ஒன்று கிடைத்தது; சேலத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் இரண்டு நாளும் காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் இறங்கவும் சிரமப்பட்டார். முன்பதிவில் உயரத்தைக் கேட்கிறவர்கள் இதையும் கேட்டு வைத்திருக்கலாம்.

அண்ணி தொடக்கத்தில் தடுமாறினார். பாலக்கோட்டில் சிறுமியாக இருந்தபோது வாடகை வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர் அவர். குறுக்குக் குழாய்க்கு அடியில் காலை நுழைத்து ஓட்டியதுதான் உடம்பில் தங்கியிருந்தது, இருக்கையில் அமர்ந்து ஓட்டியது மறந்து போயிருந்தது. வழிகாட்டித் தம்பி அவருடைய வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. "பெடல் மேல கால் வைக்காதீங்கம்மா, தரையில தள்ளித் தள்ளியே போங்க" என்று சொல்லி மைதானத்தில் இரண்டு சுற்று விட்டார். மூன்றாவது சுற்றில் அண்ணியின் கால் தானாகப் பெடலுக்கு ஏறிவிட்டது. யாரும் கைதட்டி அவரைக் கூச்சப்பட வைக்காமல் அடுத்த வேலையைப் பார்த்ததையும் பாராட்டிச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி என்றால் மலை என்று பெயரிலேயே இருக்கிறது. நான்கு பக்கமும் பாறைக் குன்றுகள் நிற்கிற இந்த ஊரில் ஏற்ற இறக்கம் இல்லாத சைக்கிள் பாதை இருக்க முடியுமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. நகரை விட்டு அணைக்குப் போகும் வழியில் சில சிறிய மேடுகள் உண்டு. அவற்றைத் தாண்டி, தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் கேஆர்பி அணையை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) அடைந்தபோது மணி ஏழு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. 2017 நவம்பரில் இதன் மதகு ஷட்டர்களுள் ஒன்று உடைந்து தண்ணீர் வீணாகிப் போனதை இப்பகுதி உழவர்கள் இன்னும் மறக்கவில்லை. பூங்காவும் மீன் வறுவல் கடைகளும் இருக்கிற பக்கத்தில் நாங்கள் நேரம் செலவிடவில்லை. அணைக்குக் கீழே, வலதும் இடதுமாகப் பிரிகிற பிரதான வாய்க்கால்களுள் ஒன்றின் கரையில் எங்களை இறக்கிவிட்டார்கள்.

இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பாசன வாய்க்கால் என்பது நிலத்தின் மேட்டு விளிம்பை ஒட்டி, தண்ணீர் தானாக நகர்ந்து போவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் சரிவு விட்டு, மட்டம் பார்த்து அளந்து வெட்டப்படுவது. குன்று குறுக்கே வந்தால் வாய்க்கால் அதன் மேல் ஏறாது; வளைந்து சுற்றிக்கொண்டு போகும். அப்படியானால் அதன் கரையும் ஏறாது. தண்ணீருக்காக ஒரு பொறியாளர் அன்று அளந்து வைத்த அந்த மெல்லிய சரிவு இன்று மிதிப்பவரின் முழங்காலுக்கு உதவுகிறது. சாலை வரைபடத்தில் பாதை தேடினால் இது அகப்படாது. எந்தக் கரையில் வண்டி போகும், எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே மதகைத் தாண்ட வண்டியைத் தூக்க வேண்டும் என்பதைப் பல முறை நடந்து பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றங்கரையில், ஜெர்மனியின் பஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் புகழ்பெற்ற சைக்கிள் பாதையின் பெரும்பகுதி, முன்காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துச் சென்ற தடத்தின் மேல் அமைந்திருக்கிறது. அங்கே படகுக்காகப் போட்ட தடம். இங்கே பாசனத்துக்காகப் போட்ட கரை. இரண்டையும் மட்டமாக்கி வைத்தது தண்ணீர்தான்.

இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாட்கள் அவை. ஒரு பக்கம் வாய்க்காலில் பழுப்பு நிறத் தண்ணீர் எங்களோடு கூடவே வந்தது. மறுபக்கம், கரையைவிடத் தாழ்வாக, நடவு முடிந்து வேர் பிடித்த நெல்வயல்கள். வாய்க்காலுக்கு மேற்புறம் இருக்கிற நிலத்தில் தண்ணீர் ஏறாது என்பதால் அங்கே மாந்தோப்புகளும் அவரையும் கொள்ளும், கீழ்ப்புறம் முழுவதும் நெல்லும் தென்னையும். ஒரு சைக்கிளின் அகலமே உள்ள கரை இரண்டு விதமான வேளாண்மையைப் பிரித்து நிற்பதை நான் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இதற்கு முன் கவனித்ததில்லை. மதகு ஒன்றில் பலகையை ஏற்றிக்கொண்டிருந்த லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர்), இந்த அணையை நம்பி 9,012 ஏக்கர் இருக்கிறது என்று தம் சொந்த நிலக் கணக்கைச் சொல்வதுபோலக் கடைசி இரண்டு ஏக்கர் வரை சொன்னார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அண்ணி கேட்டதற்கு, "மேல இருக்கறவன் மனசப் பொறுத்ததும்மா" என்றார்.

வேகத்தைப் பற்றி இவர்கள் வைத்திருக்கும் விதி எளிமையானது: குழுவில் மெதுவாக ஓட்டுபவர் எவரோ அவர்தான் இரண்டாவது வண்டி. முன்னால் ஒரு வழிகாட்டி, அவருக்குப் பின்னால் மெதுவானவர், கடைசியில் இன்னொரு வழிகாட்டி. வேகமானவர்களை முன்னால் விட்டால் அவர்கள் தொலைவில் போய் நின்று ஓய்வெடுப்பார்கள். மெதுவானவர் வந்து சேரும்போது அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைக்காது. இந்த அநியாயத்தை வேறு குழுக்களோடு போனபோது நான் நேரில் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டாவது வண்டி அண்ணியுடையது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எட்டு வண்டியும் அவர் பின்னால் வந்தன. கல்லூரி மாணவர் இருவர் முதல் ஒரு மணி நேரம் பொறுமையிழந்து பெல் அடித்துக்கொண்டிருந்தார்கள்; பிறகு மீன்கொத்தியையும் வாய்க்காலில் துணி துவைப்பவர்களையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

காவேரிப்பட்டணத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாக என் பின்சக்கரம் இறங்கியது. இந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பயணச் சேவையின் தரம் பஞ்சரில்தான் தெரியும். வேனுக்குப் போன் போட்டு வேறு சக்கரம் வரவழைத்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் வந்த வழிகாட்டி வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். டயர் லிவரால் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, வாய்க்கால் தண்ணீரில் முக்கிச் சுற்றினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் செய்த காரியம்தான் எனக்குப் புதிது. சட்டைப்பையிலிருந்து பஞ்சுத் துணுக்கு ஒன்றை எடுத்து, டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக ஒரு சுற்று இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. அங்கே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ரப்பருக்குள் ஒடிந்து கிடந்தது சீமைக்கருவேல முள்ளின் நுனி. அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டியிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கியிருக்கும். விரலால் தடவித் தேடினால் விரலில் குத்தும், பஞ்சுக்கு வலிக்காது என்றார். பதினைந்து நிமிடத்தில் முடிந்த இந்த வேலையை அவர் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்தார்.

காவேரிப்பட்டணத்தில் தேநீரும் நிப்பட்டும். அரிசி மாவில் கடலைப்பருப்பும் நிலக்கடலையும் கலந்து தட்டிப் பொரித்த அந்த நிப்பட்டை ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டோம். அங்கிருந்து நெடுங்கல் அணைக்கட்டு. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கட்டின் மேல் வழிந்து விழுகிற தண்ணீரையும், அங்கிருந்து பாரூர்ப் பெரிய ஏரிக்குப் பிரிந்து போகிற கால்வாயையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அந்தக் கால்வாயைப் பிடித்துக்கொண்டே போனால் பாரூர் வந்துவிடுகிறது. ஆறு, அணைக்கட்டு, கால்வாய், ஏரி, ஏரிக்குக் கீழே வயல் என்று தண்ணீர் போகிற வரிசையிலேயே நாமும் போவதால், எது எதற்காக இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதிய உணவு பாரூரை நெருங்கும் வழியில் ஓர் உழவர் வீட்டுத் திண்ணையில். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு, கேட்டவர்களுக்கு ஏரி மீன் வறுவல். தை மாதத்து அவரைக்கொட்டையை உரித்துப் போட்டு வைத்த குழம்புக்கு எங்கள் பக்கத்தில் எதையும் ஈடு சொல்ல மாட்டார்கள். களி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதைச் சென்னையிலிருந்து வந்திருந்த மாணவர்களுக்கு அந்த வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்தார். "மென்னா பல்லுல ஒட்டும் கண்ணு, அப்படியே உள்ள விடு" என்று அவர் சொல்ல, அவர்களும் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார்கள். களி சாப்பிட்ட உடனே மிதிக்க முடியாது. இதை அறிந்து மூன்றரை மணி வரை ஓய்வு விட்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் பாய் விரித்து அண்ணி ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினார். பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்து, வெயிலில் ஓட்டிக் காட்டி, கொடுத்த காசுக்குக் கணக்குச் சொல்கிற பயண ஏற்பாடுகளே பெருகியிருக்கும் நாளில், இந்த ஓய்வை நேரத் திட்டத்திலேயே எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

இரவு அரசம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் தங்கல். தென்னங்கன்றுக்குப் பெயர்போன ஊர் அது. பம்ப்செட்டில் குளியல், கொசுவலையோடு கட்டில், சுத்தமான விரிப்பு; பெண்களுக்குத் தனி அறை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் போச்சம்பள்ளி வாரச்சந்தைக்காகவே அமைத்திருக்கிறார்கள். ஆடு மாடு, கோழி, தானியம், கயிறு, கத்தி, மண்வெட்டி, வெற்றிலை என்று சுற்று வட்டாரமே கூடுகிற பெரிய சந்தை. ஆனால் எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். முதல் நாள் களிக்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஓய்வு விடத் தெரிந்தவர்கள், இந்தச் சந்தையை நாற்பது நிமிடத்தில் பார்த்து முடிக்கச் சொன்னது வருத்தமாக இருந்தது. நாற்றுக்கூடை விற்கிறவரிடம் அண்ணி விலை பேசி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கேட்டதற்கு, வெயில் ஏறுவதற்குள் அடுத்த பகுதியைக் கடக்க வேண்டும் என்றார்கள். அந்த அடுத்த பகுதிதான் இந்தப் பயணத்தின் பெரிய குறை.

போச்சம்பள்ளியிலிருந்து தென்கிழக்கே ஆற்றை நோக்கிப் போகும்போது, முதல் நாள் முழுவதும் கைவிடாத தண்ணீர்த் தடத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம் லாரியும் பேருந்தும் போகிற பெரிய சாலையில் எங்களை ஓட்ட வைத்தார்கள். சாலையோரம் மண் தாழ்ந்து கிடந்ததால் ஒதுங்கவும் இடமில்லை. பின்னால் வந்த வழிகாட்டி சிவப்புக் கொடியோடு நடுவில் ஓட்டி வண்டிகளைத் தடுத்துக்கொண்டு வந்தார் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று இழுக்க, அண்ணி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த அந்த முக்கால் மணி நேரத்தை, மெதுவான பயணம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் எங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது. வேன் கூடவே வருகிறது. அந்த ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் இரண்டு நடையில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் இறக்கிவிடலாம். இதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன். ஓட்ட விரும்புகிறவர்கள் ஓட்டலாம், வேண்டாதவர்கள் வேனில் ஏறலாம் என்று அடுத்த குழுவிலிருந்து மாற்றுவதாகச் சொன்னார்கள்.

கழிப்பறை பற்றியும் வெளிப்படையாக எழுத வேண்டும், ஏனென்றால் பெண்கள் இப்படிப்பட்ட பயணங்களுக்கு வராமல் போவதற்கு மிதிக்கும் தொலைவைவிட இதுவே பெரிய காரணம். முதல் நாள் காலை அணைக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே ஏற்பாடு எதுவும் இல்லை; தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மட்டும் அடிக்கடி சொன்னார்கள். பெண்கள் நால்வரும் குடிக்காமல் சமாளித்தோம். வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நல்லதல்ல. வழியில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளில் சொல்லி வைத்து, அதற்குரிய பணத்தையும் கொடுத்தால் தீர்ந்துவிடுகிற காரியம் இது. மதிய உணவுக்கு ஒரு வீட்டைத் தேடிப் பிடிக்க முடிந்தவர்களுக்கு இது முடியாததல்ல.

பெரிய சாலையை விட்டு இறங்கிய பிறகு ஒரு புளியமரத்தடியில் நடுகல் ஒன்றைக் கண்டேன். இடையளவு உயரம்; வில்லேந்திய வீரன் உருவம்; மஞ்சளும் குங்குமமும் பூசி, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஊரார் வேடியப்பன் என்றார்கள். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்திருக்கும் வட்டாரங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி முதன்மையானவை; ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தும் மீட்டும் செத்தவர்களுக்கும், புலியோடு பொருது இறந்தவர்களுக்கும் எடுத்த கற்கள் வயலோரங்களில் இன்றும் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. இந்தக் கல்லின் பக்கத்தில் எங்கள் வழிகாட்டிகள் வண்டியை நிறுத்தியது தண்ணீர் குடிக்கத்தான்; கல்லைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சக்கரத்தையும் மதகையும் அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த பிள்ளைகள், கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் இருக்கிற அரசு அருங்காட்சியகங்களில் ஒரு பகலைச் செலவிட்டு வந்தால், இந்த நிறுத்தம் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள்ளேயே வேறு மாதிரி ஆகிவிடும். நானே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொடியோடு வந்த தம்பி கேட்டுக்கொண்டு, கல்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் ஆறு மறுபடியும் கிடைத்தது. மணல் தெரிய, ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிற தைமாதத் தென்பெண்ணை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது சாலையில் நின்ற வண்டிகளையே வெள்ளம் இழுத்துப் போன பகுதி இது. மூன்றரை மணிக்கு அனுமன்தீர்த்தம். இராமர் வழிபடுவதற்குத் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமாக, இராமர் அம்பெய்து மலையில் தீர்த்தம் வரவழைத்தார்; பின்னால் வந்த அனுமன் கொண்டுவந்த தீர்த்தத்தை வீச, அது விழுந்த இடம் அனுமன்தீர்த்தம், அம்பு பட்ட இடம் தீர்த்தமலை என்பது தலக்கதை. இங்கே குளித்துவிட்டுத்தான் தீர்த்தமலைக்குப் போக வேண்டும் என்பது மரபு. அண்ணி ஆற்றில் இறங்கி முழுக்குப் போட்டார். நான் கணுக்காலளவு நின்றேன்.

ஐந்து மணிக்கு வர வேண்டிய திரும்பும் வேன் ஆறே முக்காலுக்குத்தான் வந்தது. வழியில் பழுது என்றார்கள். பழுது யாருக்கும் வரும். ஆனால் ஐந்தரை வரை இதோ வருகிறது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததுதான் சரியில்லை. உண்மையை ஐந்து மணிக்கே சொல்லியிருந்தால் நாங்கள் பேருந்தில் தர்மபுரிக்குப் போயிருப்போம். சேலத்து அம்மாளுக்கும் இரவுப் பேருந்து தவறியிருக்காது. அவருக்கு மட்டும் தங்கும் செலவைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும், மீண்டும் போவேன். அண்ணி ஏற்கனவே தம் தங்கையையும் சேர்த்து மூவருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். முதல் நாளை மட்டும் தனியாக 1,700 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சாலைக்கு அஞ்சுகிறவர்களும் புதிதாக ஓட்டுகிறவர்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் மாதமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். தண்ணீர் இல்லாத வாய்க்கால் கரையில் நிழலும் குறைவு, குளிர்ச்சியும் இல்லை. தையும் மாசித் தொடக்கமும் மாம்பூ வாசனையோடு இருக்கும். சித்திரை வெயிலில் வேண்டாம். பெண்கள் தாழ்ந்த குழாய் வண்டியைப் பதிவின்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் உட்பஞ்சு பழையதாகிவிட்டது, தலையில் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு கொண்டு போங்கள்.